தொட்டிக்குள் இருப்பவன்

செங்காங்
25 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி லியோனல் எழுதுவது. நான் நலம். ரத்த அழுத்தம் மாத்திரைக்கு அடங்கி நடக்கிறது. உன் சுகத்தைக் கேட்பது முறை என்பதால் கேட்கிறேன். மூட்டுவலி எப்படி? மடத்தில் எல்லோரும் சுகமா?

கிளாரிசாவின் நினைவுப் பூசை நேற்று முடிந்தது. தங்கை போய்ப் பதினோரு வருடம். ஜார்ஜ் தன் இரண்டாவது மனைவியோடு வந்திருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாண்டுப் பூசைக்கு முன்பே மறுமணம் செய்த மைத்துனருக்குப் பதில் தலையசைக்க என் கழுத்து இன்னும் பழகவில்லை. கிளாரிசாவின் மகள் ரெனீயைக் காணோம். பெர்த்தில் படித்து முடித்துத் திரும்பிவிட்டாளாம். அம்மாவின் பூசையைவிட வேலை பெரிது போலும். அவளை நான் கடைசியாகப் பார்த்தபோது பள்ளிச் சீருடையில் இருந்தாள்.

உன்னை யாரும் கேட்கவில்லை. தங்கையின் அடக்கத்துக்கே வெளியே வராதவள் பூசைக்கா வரப்போகிறாள்? ஒரே தீவில், ஒரு பஸ் தூரத்தில் இருந்துகொண்டு நாம் தபால்தலை ஒட்டி எழுதிக்கொள்கிறோம். கன்னியர் வெளியே வராத உன் மடத்துக் கம்பிக்கு முன்னால் வந்து நிற்கமாட்டேன் என்று அன்று சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். டிஎன்ஏ அறுந்தால் அதைச் சரிசெய்யச் சில புரதங்கள் ஓடிவரும். அவை கூடும் இடம் நாங்கள் போடும் சாயத்தில் பச்சைப் புள்ளியாக ஒளிரும். வேலை முடிந்ததும் புள்ளி அணையும். அந்தப் புரதங்களைப் படிக்க நாங்கள் தடுப்பான் என்ற சின்ன மூலக்கூறுகளை ஊற்றுகிறோம். ஒரு தடுப்பான் விசித்திரமானது. பழுதுபார்க்க வந்தவனை அது விரட்டுவதில்லை. காயத்தின் மேலேயே ஒட்டவைத்துவிடுகிறது. அவனால் வேலையை முடிக்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது. கடைசியில் காயத்தைவிட அவன்தான் பெரிய தொந்தரவு.

நோயாளிகளின் செல்களோடு ஒப்பிட, நோயில்லாத ஒருவனின் செல்கள் வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்த ஒருவன் நான்தான். கிளாரிசாவை அடக்கம் செய்த வாரம் கொடுத்த ரத்தம். சாகாமல் பெருகும்படி பக்குவம் செய்து, மிச்சத்தைத் திரவ நைட்ரஜன் தொட்டியில் உறையவைத்திருக்கிறார்கள். பெயர் ‘இயல்பு மூன்று’. எனக்கு ஐம்பத்து மூன்று வயது. அவனுக்கு இன்னும் நாற்பத்திரண்டு.

போன மாதத்திலிருந்து அவன் சரியில்லை. கொஞ்சம் தடுப்பான் ஊற்றினாலே அவன் புள்ளிகள் அணைய மறுக்கின்றன. மறுநாள் வந்து பார்த்தாலும் இருட்டில் பச்சையாக விழித்துக்கொண்டிருக்கின்றன. ரக்‌ஷனா எதையோ கலந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். பிப்பெட் பிடிக்க நான் கற்றுக்கொடுத்த பெண். இன்று எனக்குத் தலைவி.

இப்படிக்கு,
லியோனல்

---

இயேசு மரி சூசை

மடம்
8 செப்டம்பர் 2024

அன்புத் தம்பி லியோவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம். இன்று மாதாவின் பிறந்தநாள் என்பதால் கேக் கிடைத்தது. மூட்டு வலிக்கிறது. மற்றவர்கள் சுகம். சகோதரி செசிலியாவுக்கு மட்டும் காது இன்னும் மந்தம். நற்செய்தியில் பாதியை அவரே இயற்றிக்கொள்கிறார்.

காயத்தின் மேல் ஒட்டிக்கொண்டு எழுந்து போக முடியாத அந்தப் பழுதுபார்ப்பவனைப் பற்றி வாசித்தேன். எனக்கு அவனைத் தெரியும் என்று நினைக்கிறேன். சிரிக்காதே, கோபப்படாதே.

ஒன்று கேட்கிறேன். ‘இயல்பு’ என்று உன்னை எப்படி எடுத்தார்கள்? அம்மா எதில் போனாள், கிளாரிசா எதில் போனாள் என்று யாரும் உன்னைக் கேட்கவில்லையா?

ரெனீக்கு மே மாதம் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் அர்ஜுன். ஜார்ஜ் உனக்கு அழைப்பு அனுப்புவார். நம் வீட்டில் தாய்மாமன் இல்லாமல் எந்தப் பெண்ணும் பீடத்துக்கு நடந்ததில்லை.

செபத்தில் உன்னை மறக்காத,
அக்கா உர்சுலா

---

செங்காங்
20 அக்டோபர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்று எழுதி வழக்கமாகிவிட்டது. இன்று அப்படி எழுத முடியவில்லை. நீ நலமா என்பதைத்தான் உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும்.

நீ கேட்டதை யாரும் கேட்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. சூலகப் புற்றுநோய் பெண்களுக்கு வருவது, நான் ஆண், ஆகவே நான் இயல்பு. முனைவர் பட்டம் பெற்றவனின் தர்க்கம் இது.

ரக்‌ஷனாவோடு சண்டை போட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை. அதுதான் எரிச்சல்.

“லியோனல் சார், ரீஏஜென்ட் கெமிக்கல் எல்லாம் புதுசா மாத்திட்டோம். மத்த செல் லைன் எல்லாம் ஓகே லா. உங்க லைன் மட்டும்தான் இப்படி.”

“என் செல்லுல கோளாறுன்னு சொல்றியா?”

“நான் சொல்லல சார். செல்லு சொல்லுது. நீங்க சம்மதிச்சா க்ளினிக்ல டெஸ்ட் பண்ணிப் பாக்கலாம். வேணாம்னா வேணாம்.”

அவள் முகத்தில் கரி பூசலாம் என்றுதான் சம்மதித்தேன். பூசிக்கொண்டது நான். பழுதுபார்க்கும் மரபணு ஒன்று நம் எல்லோருக்கும் இரண்டு பிரதியாக இருக்கும். எனக்கு ஒரு பிரதி உடைந்திருக்கிறது. மற்றது இருந்ததால் இத்தனை வருடம் வெளியே தெரியவில்லை. முன்பு பயன்படுத்திய தடுப்பான்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. இந்தப் புதியது நெருக்கியதும் பல் இளித்துவிட்டது. நம் அம்மாவிடமிருந்து வந்தது. கிளாரிசாவுக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும். உனக்கு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ரெனீக்கும் அப்படியே.

நீ சோதித்துக்கொள்ள வேண்டும். உன் கதவு யாருக்கும் திறக்காது என்று தெரியும். யாரையாவது மடத்துக்குள் வரவழைத்தாவது ரத்தம் கொடு.

ரெனீயிடம் யாராவது சொல்ல வேண்டும், கல்யாணத்துக்கு முன்பே. சோதித்தால் கண்காணிக்கலாம், தப்பிக்கலாம். அவள் அம்மாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. ஆனால் தெம்பனிஸில் ஜார்ஜ் வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று சொன்னவன் நான். நீ எழுது.

இன்னொன்று. யாரிடமும் சொல்லவில்லை. தொட்டியிலிருந்து அவன் உறைந்திருக்கும் ஒரு பழைய குழாயை எடுத்து உருக்கினேன். தடுப்பான் ஊற்றவில்லை, டிஎன்ஏவை அறுக்கக் கதிர் காட்டவில்லை. சும்மா சாயம் போட்டுப் பார்த்தேன். புள்ளிகள் எரிந்துகொண்டிருந்தன. உருகும்போது செல்லில் காயம் படும் என்று ரக்‌ஷனா சொல்வாள். சரியான விளக்கம்தான். ஆனால் அவன் பதினோரு வருடம் அந்த இருட்டுக்குள் கண்ணை மூடாமலே கிடந்தான் என்று எனக்குத் தோன்றியது.

இப்படிக்கு,
லியோனல்

---

இயேசு மரி சூசை

மடம்
5 நவம்பர் 2024

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவருடைய சமாதானம். நான் இருக்கிறேன். என்னை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரெனீயிடம் நீ சொல். எனக்கு இந்த விஷயம் பாதிதான் புரிந்தது. அவள் நூறு கேள்வி கேட்பாள். ஜார்ஜ் வாசலை மிதிக்க வேண்டாம். அவளுக்குக் கைப்பேசி உண்டு, கால் உண்டு.

அந்தத் தடுப்பானை மனிதர்களுக்கும் கொடுப்பதுண்டா? எப்போது கொடுப்பார்கள்? சும்மா கேட்கிறேன்.

திருவருகைக் காலம் வருகிறது. வழக்கப்படி கிறிஸ்துமஸ் வரை கடிதம் வெளியே போகாது, வருவதும் கைக்குக் கிடைக்காது. தேடாதே.

உன் அக்கா,
உர்சுலா

---

செங்காங்
15 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இதைக் கிறிஸ்துமஸுக்கு உன் கையில் கொடுப்பார்கள். விழா வாழ்த்து. நான் நலம்.

நீ கேட்டதற்குப் பதில்: உண்டு. மாத்திரையாகவே உண்டு. பழுதுபார்க்க இரண்டு வழி இருக்கிறது என்று வைத்துக்கொள். நம் போன்றவர்களின் புற்றுச் செல்லில் ஒரு வழி ஏற்கெனவே இடிந்திருக்கும். மற்ற வழியையும் தடுப்பான் அடைத்துவிட்டால் அந்தச் செல் சாகும். நல்ல செல் பிழைக்கும். கிளாரிசா இருந்த நாளில் இது நம் கைக்கு எட்டவில்லை. எதற்குக் கேட்டாய்?

ரெனீக்கு மூன்று முறை எழுதி மூன்றையும் கிழித்துவிட்டேன். தாய்மாமன் சீராகப் பட்டும் வளையலும் கொண்டுபோவார்கள். நான் கொண்டுபோவது இதுவா?

மருந்தைக் கரைக்கும் திரவம் தோலில் பட்டால் கொஞ்ச நேரத்தில் வாயில் பூண்டுச் சுவை வரும். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் விடுப்பில் இருக்கிறேன். அந்தத் திரவத்தைத் தொட்டே பல நாளாகிறது. இன்று பூசையில் நற்கருணை அப்பத்தை நாக்கில் வாங்கியதும் பூண்டு சுவைத்தது.

லியோனல்

---

செங்காங்
12 ஜனவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? கிறிஸ்துமஸ் போயிற்று, மூன்று ராஜாக்கள் திருநாளும் போயிற்று. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

நேற்று கிளாரிசாவைப் பார்த்தேன்.

தேக்காவில் மீன் வாங்கிக்கொண்டு கேம்பல் லேன் பக்கம் நடந்தேன். பொங்கல் சந்தை. கரும்புக் கட்டு, மஞ்சள் கொத்து, தலைக்கு மேலே காகித மாடுகள். கூட்டத்துக்கு நடுவே அவள் நடந்துபோனாள். இடது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி, அவசரமே இல்லாத அந்த நடை. கழுத்தின் பின்புறம் அதே கழுத்து. மீன் பையோடு பின்னாலேயே போனேன். எனக்குப் பயமாக இல்லை. இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்கத்தான் வாய் வந்தது.

பானைக் கடையில் நின்றாள்.

“அண்ணே, இந்தச் சின்னப் பானை எவ்வளவு?”

“பன்னெண்டு வெள்ளிம்மா.”

“என்ன அண்ணே, சோறு போட்டா குடுக்கறீங்க? பத்துக்குக் குடுங்க லா.”

“தலைப் பொங்கலா? சரி, பதினொண்ணு. மாப்பிள்ளைகிட்ட நான் தள்ளுபடி குடுத்தேன்னு சொல்லுங்க.”

சிரித்துக்கொண்டே திரும்பினாள். ரெனீ. நேராக நான் நின்ற பக்கம். நான் அடுக்கிவைத்த பானைகளுக்குப் பின்னால் குனிந்துவிட்டேன், அக்கா. ஐம்பத்து மூன்று வயதுக்காரன், மீன் பையோடு. அவள் தோளில் மருத்துவமனைப் பார்வையாளர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. எந்த மருத்துவமனை, யாரைப் பார்க்க? அவளுக்கே ஏதேனுமா? எழுந்து நிற்பதற்குள் போய்விட்டாள். சொல்லியிருக்கலாம், இரண்டடி தூரம்தான் இருந்தது.

பதில் எழுது.

லியோனல்

---

தெம்பனிஸ்
20 ஜனவரி 2025

அன்புள்ள லியோ மாமாவுக்கு,

வணக்கம். நல்லா இருக்கீங்களா? நான் தமிழ்ல லெட்டர் எழுதி ரொம்ப வருஷம் ஆச்சு. ஸ்பெல்லிங் எல்லாம் அர்ஜுன் பாத்துக் குடுத்தாரு. சண்டையும் போட்டாரு.

மாமா, பானைக்குப் பின்னாடி உங்க ஷூ தெரிஞ்சது. மீன் பையும் தெரிஞ்சது. கடைக்கார அண்ணன் கண்ணாலயே காமிச்சாரு. நீங்க எழுந்து வருவீங்கன்னு நான் அடுத்த கடையில மாலை வாங்கற மாதிரி நின்னுட்டு இருந்தேன். நீங்க வரல.

எனக்கு நவம்பர்லயே தெரியும். மாசம் முதல் ஞாயிறு நான் மடத்துக்குப் போவேன். அது உங்களுக்குத் தெரிஞ்சா பெரியம்மா மேல இன்னும் கோவம் வரும்னு யாரும் சொல்லல. மாமா சொல்வாரு, கொஞ்சம் பொறுன்னு பெரியம்மா சொன்னாங்க. நவம்பர் கடைசி வரைக்கும் பொறுத்துட்டு அவங்களே சொல்லிட்டாங்க. டெஸ்ட் எடுத்தாச்சு. ரிசல்ட் லெட்டர்ல சொல்லமாட்டேன். நேர்ல வந்து கேளுங்க.

அந்த ஸ்டிக்கர் பெரியம்மாவப் பாக்கப் போனது. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னாங்க. ஆனா நீங்க பானைக்குப் பின்னாடி ஒளியற ஆளு, உங்ககிட்ட ஒளிச்சு என்ன ஆகப் போகுது? டிசம்பர்ல ஆபரேஷன். அம்மாவுக்கு வந்த அதேதான். காயம் ஆறலன்னு இந்த மாசம் திரும்ப அட்மிட் பண்ணாங்க. இப்போ மடத்துக்குப் போயிட்டாங்க.

வாங்க மாமா.

அன்புடன்,
ரெனீ

---

செங்காங்
26 ஜனவரி 2025

உர்சுலா,

மடத்துக் கதவு உனக்குத் திறந்திருக்கிறது.

கிளாரிசாவின் சவப்பெட்டி தேவாலயத்தில் இருந்தபோது, உன் மடத்துக்கு நான் மூன்று முறை தொலைபேசியில் பேசினேன். விதி என்றார்கள். உன் வயிற்றுக்கு விதி இல்லை. திருவருகைக் காலம் என்றாய், தேடாதே என்றாய். அப்போது நீ தேக்காவிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு படுக்கையில் இருந்தாய்.

எனக்கு எழுதாதே.

லியோனல்

---

இயேசு மரி சூசை

மடம்
2 மார்ச் 2025

அன்புத் தம்பி லியோவுக்கு,

ஆண்டவருடைய சமாதானம். எழுதாதே என்றாய். புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. உயிர்ப்பு ஞாயிறு வரை எழுத முடியாது. அதற்குப் பிறகு எனக்கு எழுதக் கிடைக்குமோ என்னவோ. அதனால் கீழ்ப்படியவில்லை.

ஆமாம், கதவு எனக்குத் திறந்தது. உன் அக்டோபர் கடிதம் வந்த மறுநாள் மடத்துத் தலைவியிடம் போய், பல மாதமாக வயிறு உப்பியிருப்பதைச் சொன்னேன். ஒரு வார்த்தைதான் சொன்னேன். உடனே கார் வந்தது. அவ்வளவு எளிது, லியோ. காரில் ஏறும்போது நான் நோயை நினைக்கவில்லை. கிளாரிசாவின் அடக்கத்துக்குப் போக, அன்று இருந்த தலைவியிடம் நான் இன்னொரு முறை கேட்டிருக்கலாமோ என்றுதான் நினைத்தேன். அன்று ஒரு முறைதான் கேட்டேன். இதை உனக்கு எழுதக் கை வரவில்லை. நோயை மறைக்கவில்லை, கதவை மறைத்தேன்.

கீமோ நடக்கிறது. முக்காட்டுக்குள் முடி இல்லை, யாருக்கும் தெரியாது. வசதிதான். அது முடிந்ததும் ஒரு மாத்திரை தருவார்களாம். பெயரைக் கேட்டேன். நீ தட்டில் ஊற்றுவதற்கு நெருங்கிய சொந்தம் என்றாள் டாக்டர். இனி என் உள்ளேயும் ஒருவன் காயத்தின் மேல் ஒட்டிக்கொண்டு உட்காருவான். உனக்குப் பழக்கமானவன். நான் அவனோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நீதான் எழுதவேண்டும்.

உன் கடிதத்தால்தான் இவ்வளவு சீக்கிரம் தெரிந்தது என்றும் டாக்டர் சொன்னாள். சீக்கிரமா, போதுமான சீக்கிரமா என்று நான் கேட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ரெனீ இன்னும் காத்திருக்கிறாள்.

உன் அக்கா,
உர்சுலா

---

செங்காங்
11 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

இதைத் தவக்காலத்தில் எழுதுகிறேன். உயிர்ப்பு ஞாயிறு வரை உன் மடத்தில் ஏதோ ஒரு மேசை இழுப்பறையில் கிடக்கும். அன்று பிரித்து வாசிக்க நீ இருக்கவேண்டும். சுகத்தை விசாரிக்கும் வழக்கமான வரி இதுதான். இம்முறை வேறு மாதிரி எழுத வரவில்லை.

தெம்பனிஸுக்குப் போனேன். பெல்லை அடித்தேன். கதவைத் திறந்தது ஜார்ஜ். “வாங்க மச்சான், டீ குடிக்கறீங்களா?” என்றார், பதினோரு வருடமாக அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்தது போல. குடித்தேன். ரெனீ எதிரே உட்கார்ந்து, “இருக்கு மாமா. எனக்கும் இருக்கு,” என்றாள். பிறகு, “இப்ப நூறு கேள்வி கேக்கப் போறேன், பெரியம்மா சொன்ன மாதிரி,” என்றாள். அர்ஜுன் குறிப்பெடுத்தான். அவனுக்கு எல்லாம் தெரியும், ஓடவில்லை. அடிக்கடி சோதனை, குழந்தைகள் பிறந்தபின் அறுவை, எல்லாம் சொன்னேன். அவள் அழவில்லை. நான்தான் பாத்ரூமுக்குப் போய்வந்தேன்.

‘இயல்பு மூன்றை’ப் பார்க்கவேண்டும் என்றாள் ரெனீ. ரக்‌ஷனா அனுமதி வாங்கித் தந்தாள். இருட்டறையில் நுண்ணோக்கியில் கண் வைத்து நெடுநேரம் பார்த்தாள்.

“மாமா, இவரு ரொம்ப இளசா இருக்காரு. ஆனா தூங்கவே மாட்டாரா?”

பிறகு என் பக்கம் திரும்பி மூக்கைச் சுளித்தாள். “பூண்டு சாப்ட்டு வந்தீங்களா?”

தடுப்பான், கரைப்பான் எதையும் நான் தொட்டு மாதங்கள் ஆகின்றன. அதுவரை அது என் நாக்கில் மட்டும் இருக்கிறது, என் மனக்கோளாறு என்று நினைத்திருந்தேன்.

அவனை என்ன செய்வது என்று ரக்‌ஷனா கேட்டாள். “டிஸ்கார்ட் பண்ணிடவா சார்?” வேண்டாம், ‘இயல்பு’ என்ற பெயரை மட்டும் எடு என்றேன். அப்போதுதான் அவள் சொன்னாள், கேட்ட கூடங்களுக்கெல்லாம் இத்தனை வருடம் அவனை அனுப்பியிருக்கிறார்களாம். கடல் தாண்டி, உறைபனிப் பெட்டியில். இனி கடிதம் எழுதித் திருத்தவேண்டும். எத்தனை பேர் வாசிப்பார்களோ. நாம் எல்லோரும் போனபிறகும் எங்கேயோ ஓர் அறையில், முகம் தெரியாத ஒருவன் அவனை உருக்குவான்.

நேற்று ரெனீ என்னை உன் மடத்துச் சிற்றாலயத்துக்கு அழைத்துப்போனாள். வெளியார் பகுதியில் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். திரைக்குப் பின்னால் நீங்கள் சங்கீதம் பாடினீர்கள். எது உன் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, பாட்டு தொடங்குமுன் தொண்டையைச் செருமும் அந்தச் சின்ன இருமல் கேட்டது. அம்மாவின் இருமல், கிளாரிசாவின் இருமல். ரெனீ என் முழங்கையைத் தொட்டாள். அது நீதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

உயிர்ப்பு ஞாயிற்றுக்கு அடுத்த வாரம் சந்திப்பு நாள் என்று வாசலில் எழுதியிருக்கிறது. ரெனீயோடு வருவேன். கம்பிக்கு முன்னால் வந்து நிற்கப்போவது ஐம்பத்து மூன்று வயதுக்காரன்தான். மற்றவன் தொட்டியிலேயே இருக்கிறான். அவனுக்கு இன்னும் கிளாரிசாவைப் புதைத்த அதே வாரம்தான் நடக்கிறது. அவனிடம் இதுவரை யாரும் எதையும் சொல்லவில்லை.

உன் தம்பி,
லியோ